மேட்டூர் திறக்கும்போதே பாடம் புறப்பட வேண்டும்

திருச்சிராப்பள்ளி மாநகரின் ஸ்ரீரங்கம் தீவைச் சூழும் வெள்ளம் பெரும்பாலும் சொல்லிவிட்டு வருவது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் அதன் முழு உயரமான 120 அடியை எட்டிவிட்டால், கர்நாடகத்திலிருந்து வந்து சேரும் நீரைத் தேக்கிவைக்க இடமின்றி, பதினாறு கண் மதகு வழியாக உபரிநீரை வெளியேற்ற வேண்டியதாகிறது. அந்த நீர் வழியில் பவானி, அமராவதி ஆறுகளின் நீரையும் சேர்த்துக்கொண்டு ஓரிரு நாள்களில் முக்கொம்பு மேலணையை அடைந்து, அங்கே காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிந்து, தீவின் இரு கரைகளையும் ஒட்டிப் பாய்கிறது. இந்த இடைவெளியில் நீர்வளத் துறை கரையோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது, வருவாய்த் துறை தாழ்வான தெருக்களில் உள்ளவர்களை முகாம்களுக்கு நகர்த்துகிறது, படித்துறைகளில் காவல் போடப்படுகிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்த அவகாசம் மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பை எதிர்பார்த்திருக்கும் நேரமாகவே கழிந்துவிடுகிறது.

பேரிடர்க் காலக் கல்வி என்று கல்வியாளர்கள் குறிப்பிடுவது இந்த இடைவெளியைப் பற்றியதே. வெள்ளம், புயல், நிலச்சரிவு, தொற்றுநோய் ஆகியவற்றால் பள்ளி மூடப்படும்போது, கட்டடம் திறக்கும் நாள்வரை காத்திராமல் வேறு வழிகளில் கற்பித்தலைத் தொடர்வதற்கான ஏற்பாடுகள் அனைத்தையும் அச்சொல் தழுவி நிற்கிறது. ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, 2024-ஆம் ஆண்டில் மட்டும் 85 நாடுகளில் ஏறக்குறைய 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்பு வெப்ப அலை, புயல், வெள்ளம், வறட்சி ஆகியவற்றால் தடைப்பட்டது. இவற்றுள் மிகுதியான பாதிப்பை உண்டாக்கியது வெப்ப அலையே. திருச்சிக்கு இதுவும் புதிதன்று. 2023-இல் கோடை வெயில் தணியாததால் தமிழகப் பள்ளிகளின் திறப்பு ஜூன் 12-ஆம் தேதிக்கும், தொடக்க வகுப்புகளுக்கு 14-ஆம் தேதிக்கும் தள்ளிப்போனது. எனினும் வெயிலால் புத்தகம் அழிவதில்லை, சாலை அறுபடுவதில்லை. வெள்ளம் இரண்டையும் செய்கிறது என்பதால், இந்த ஊரைப் பொறுத்தவரை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஆற்றைப் பற்றியே.

ஆறு தரும் அவகாசம்

1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் முதல் இன்றுவரை திருச்சிராப்பள்ளியின் வெள்ள வரலாற்றில் இரு வகைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மேற்கே தென்மேற்குப் பருவமழை வலுத்து மேட்டூர் நிரம்புவதால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வருவது. 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டத் தொடங்கிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளுள் ஒன்பது இடிந்து விழுந்ததும், அதே மாதத்தில் 1928-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததும் இவ்வகை வெள்ளத்தின்போதுதான். 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்டு மாதங்களிலும் கொள்ளிடம் கரைபுரண்டு ஓடியது. மற்றொன்று, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மணப்பாறை, விராலிமலைப் பக்கத்து மேட்டு நிலங்களில் கொட்டும் மழை கோரையாறு, அரியாறு, குடமுருட்டி வழியாகச் சில மணி நேரத்தில் நகரத்தின் தென்மேற்குப் பகுதிகளுக்குள் நுழைவது. 1977 நவம்பரில் புயல்மழையோடு வந்து நகரைப் புரட்டிப்போட்ட வெள்ளம் இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு மேட்டூரின் முன்னறிவிப்பு கிடையாது. ஆகவே ஒரே மாநகரத்தில், தீவிலுள்ள பள்ளிக்கு இரண்டு நாள் அவகாசமும் கோரையாற்றங்கரையில் உள்ள பள்ளிக்கு ஓர் இரவு அவகாசமும் இருக்க, இரண்டுக்கும் ஒரே சுற்றறிக்கை போதும் என்று கருதுவது பொருந்தாது.

வெள்ளம் பள்ளிக்குச் செய்யும் கேட்டை விடுமுறை நாள்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. நகரத்தில் நீர் வடிந்த பிறகும் பள்ளிக் கட்டடம் நிவாரண முகாமாக நீடிக்கக்கூடும். வகுப்பறையில் குடும்பங்கள் தங்கியிருக்கும்போது அங்கே பாடம் நடத்த இயலாது, நடத்துவதற்காக அவர்களை வெளியேற்றுவதும் அறமாகாது. தீவின் கிழக்கே, திருச்சி – கல்லணைச் சாலையில் உத்தமர்சீலி தரைப்பாலத்தின்மேல் காவிரி நீர் ஏறிக் கொள்ளிடம் நோக்கி ஓடத் தொடங்கினால், பள்ளி திறந்திருந்தாலும் பாலத்துக்கு அப்பாலுள்ள பிள்ளைகள் வந்து சேர முடியாது. அவர்களுடைய வீட்டு வாழைத்தோட்டங்கள் நீரில் நிற்கும் நாள்களில் படிப்பு நினைவுக்கு வருவதும் அரிது. தீவுக்கும் நகரத்துக்கும் நடுவிலுள்ள காவிரிப் பாலம் 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டபோது, வெள்ளமே இல்லாத நிலையிலும் அந்த ஒரு பாலத்தை எத்தனை மாணவர்களும் ஆசிரியர்களும் நம்பியிருக்கிறார்கள் என்பது ஊருக்கே புலப்பட்டது. வெள்ள நாளில் மாணவர் தீவிலும் ஆசிரியர் நகரத்திலும் நின்றுவிடுவது இந்நிலப்பரப்பின் இயல்பிலேயே அடங்கிய ஒன்று.

தமிழகம் இதற்கு இதுவரை கண்டுவந்த தீர்வு பெரும்பாலும் தேர்வைத் தள்ளிவைப்பதாகவே இருந்துள்ளது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பின் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்குப் பின்னும், 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அதுவே நடந்தது. நனைந்து போன பாடநூல்களுக்குப் பதிலாகப் புதிய நூல்களை விலையின்றி வழங்குவதில் அரசு காட்டிய விரைவு பாராட்டுக்குரியது. ஆனால் தேர்வு நாளைத் தள்ளுவதால் நடக்காத பாடம் நடந்ததாகிவிடாது. சனிக்கிழமைகளில் வைக்கும் ஈடுசெய் வகுப்புகள் பக்கங்களை முடிக்க உதவினாலும், மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு விட்டுப்போன வாசிப்புப் பழக்கத்தை மீட்டுத் தருவதில்லை.

பெருந்தொற்று நடத்திய சோதனை

தொழில்நுட்பத்தால் பள்ளியை வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியுமா என்ற கேள்விக்குத் தமிழகத்தில் கிடைத்த மிகப் பெரிய விடை 2020 மார்ச்சுக்கும் 2021 நவம்பருக்கும் இடைப்பட்ட காலத்தில் இருக்கிறது. கொரோனா பெருந்தொற்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் கையாளப்பட்ட ஒன்று. பள்ளி மூடல் என்னும் விளைவில் அது நீண்டதொரு வெள்ளமாகவே இருந்தது. அதற்கு முன்பே, 2019 ஆகஸ்டு 26-ஆம் தேதி, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து கல்வித் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்ததால், பள்ளிகள் மூடியபோது அரசின் கையில் ஒரு கருவி ஆயத்தமாக இருந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அச்சிடப்பட்டிருந்த க்யூஆர் கோடுகள், அதாவது போன் கேமராவால் படித்தவுடன் அப்பாடத்துக்குரிய காணொளியைத் திறக்கும் கட்டக் குறிகள், மத்திய அரசின் தீக்ஷா தளத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. தமிழகத்தின் நல்வாய்ப்பு, பேரிடருக்கு முன்பே இவை இருந்தமை.

அந்நாள்களில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் அதிகம் பேசப்படாத ஒன்றே வெள்ளக் காலத்துக்கு மிகவும் உகந்தது. 2020 ஜூலையில், அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்குக் கொண்டுவர, அங்கிருந்த உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில், அதாவது சர்வரும் கணினிகளும் கொண்ட ஹைடெக் லேப்களில், பாடக் காணொளிகள் அவற்றில் ஏற்றித் தரப்பட்டன. வீட்டுக்குப் போன பிறகு அம்மாணவருக்கு இணையம் தேவைப்படவில்லை. டேட்டா தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. இணையம்வழி அப்போதைக்கப்போது நடக்கும் நேரலை வகுப்பு, மின்சாரம், சிக்னல், ரீசார்ஜ், ஓய்வாக இருக்கும் ஒரு போன் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வாய்த்தால்தான் நடக்கும். முன்கூட்டியே ஏற்றிவைத்த சேமிப்புப் பாடத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் போதும். பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்குவது பிந்தைய ஆண்டுகளில் தொடராமல் போனது இந்த ஏற்பாட்டுக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு.

சோதனையின் மறுபக்கமும் மறைக்கத்தக்கதன்று. கல்வி நிலையை நாடு தழுவி ஆராயும் ஏசர் அமைப்பு 2021-இல் கிராமப்புறங்களில் நடத்திய ஆய்வில், பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளுள் 67.6 விழுக்காட்டினரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அவ்வாறு போன் இருந்த வீடுகளிலேயே ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. போன் தந்தையோடு வேலைக்குப் போய்விட்டது என்பதே பல வீடுகளின் நிலை. தமிழகத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்களின் பங்கு 2018-இல் 10.2 விழுக்காடாக இருந்து 2022-இல் 4.8 விழுக்காடாகக் குறைந்தது. தொலைக்காட்சியும் தளங்களும் காணொளிகளும் இருந்தும் நேர்ந்த சரிவு இது.

சரிவிலிருந்து மீண்ட விதம்தான் இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது. பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளை ஆராய்ந்து, 2021 டிசம்பரில் காணப்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் ஈடுகட்டப்பட்டதென்றும், அம்மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்ததென்றும் கண்டனர். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. அதில் பயன்பட்ட தொழில்நுட்பம் மிகச் சிறியது: தன்னார்வலர்கள் பதிவுசெய்துகொள்ளவும் வருகை குறிக்கவும் ஒரு செயலி, அவ்வளவே. மற்றதெல்லாம் தெருத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மாலையில் குழந்தைகளோடு உட்கார்ந்த அதே தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் உழைப்பு. பேரிடரில் கற்பித்தலைக் காக்கும் தொழில்நுட்பம் எதுவானாலும், குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவரோடு அது இணைக்கப்பட்டிருந்தால்தான் பயன் தருகிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தமிழகத்துக்குள் இல்லை.

போனும் வானொலியும்

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரு ஆய்வுகள் இதைத் தெளிவாக்குவதோடு, எச்சரிக்கையும் தருகின்றன. போட்ஸ்வானாவில் 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது சுமார் 4,500 வீடுகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், வாரம் ஒரு கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பியதோடு, கற்பிப்பவர் ஒருவர் இருபது நிமிடம்போல் சாதாரணப் போனில் அழைத்து அதைக் குழந்தையோடு பேசிய வீடுகளில் கணக்குத் திறன் உயர்ந்தது. குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் தென்படவில்லை. சியரா லியோனில் அதே காலத்தில் நடந்த தொலைபேசிப் பாடங்களோ தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. ஆகவே அழைப்பதால் மட்டும் ஆகிவிடாது. அக்குழந்தை கழித்தலில் நிற்கிறதா வகுத்தலில் நிற்கிறதா என்று அறிந்து, அதற்கேற்ற கணக்கைத் தருவதற்கு ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் நகரத்தில் அகப்பட்டுக்கொண்ட நாளில், முப்பது மாணவர்களை ஐந்தாறு பேராகப் பிரித்து கான்ஃபரன்ஸ் அழைப்பில் பேச, கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது மாறிப்போகாத போன் எண்களின் பட்டியலும், அது தாளிலும் எழுதப்பட்டிருப்பதும்தான்.

சிக்னலும் இல்லாத நாளுக்கு வானொலி இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன; தொலைக்காட்சியும் இணையமும் அங்கே பொருளற்றுப்போயின. அத்தகைய நேரத்தில் இரண்டு பேட்டரிகளால் ஓடும் டிரான்சிஸ்டர் பெட்டியே மிஞ்சும் கருவி. 1939 மே 16-இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் காவிரிப் படுகை முழுவதையும் எட்டக்கூடியது. நகரத்துக்குள் ஹோலி கிராஸ் கல்லூரி 2006 முதல் ஒரு சமுதாய வானொலியை, அதாவது குறுகிய எல்லைக்குள் உள்ளூர் மக்களுக்காகவே ஒலிபரப்பும் பண்பலை நிலையத்தை, நடத்தி வந்துள்ளது. எபோலா நோயால் 2014-15 கல்வியாண்டில் பள்ளிகளை மாதக்கணக்கில் மூடிய சியரா லியோன், அந்த அக்டோபர் மாதமே வானொலிப் பாடங்களைத் தொடங்கியது. திருச்சியில் நிலையமும் இருக்கிறது, ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இடையே, மாவட்டத்தில் பள்ளி மூன்று நாளுக்குமேல் மூடினால் காலை பத்து மணிக்கு என்ன ஒலிபரப்புவது என்ற உடன்பாடும், முன்பே பதிவுசெய்து வைத்த பாடங்களும் இருந்தால் போதும். ஒலியால் மட்டும் வடிவியல் கற்பிக்க இயலாது என்பது உண்மை. தமிழ் வாசிப்பு, ஆங்கில உச்சரிப்பு, வாய்பாடு, சமூக அறிவியல் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. இன்று வகுப்புக்கு ஒரு குழுவாவது இல்லாத பள்ளி அரிது. விடுமுறைச் செய்தி முதலில் பரவுவதும், பொய்யான விடுமுறைச் செய்தி அதைவிட விரைவாகப் பரவுவதும் அங்கேதான். அது அறிவிப்புப் பலகைக்கு ஈடானது, வகுப்பறைக்கு ஈடாகாது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பும் வீட்டுப்பாடம், ஒரே போனை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில், தாயின் தலையில் ஏறும் சுமையாக முடிகிறது.

இரண்டு நாளில் செய்ய முடிந்தது

மேட்டூரிலிருந்து எச்சரிக்கை வந்த நாளில் தீவிலுள்ள ஒரு பள்ளி செய்யக்கூடியவை குறைவல்ல. அடுத்த பத்து நாளுக்குரிய பயிற்சித் தாள்களை நகலெடுத்து, பாலித்தீன் உறையில் இட்டு, பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தனுப்பலாம். 2023-இல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலியில் உள்ள காணொளிகளுள் வேண்டியவற்றை, போன் உள்ள பெற்றோர் பள்ளியின் இணைய இணைப்பிலேயே இறக்கிக்கொள்ளச் செய்யலாம். முகாமாக மாறப்போகும் பள்ளியில், ஹைடெக் லேப் சர்வரையும் கணினிகளையும் மேல்மாடிக்கு ஏற்றிவிட்டு, ஒரு மடிக்கணினியையும் சிறிய வைஃபை கருவியையும் கொண்டு இணையமே இல்லாத உள்ளூர் வலையமைப்பு ஒன்றை அமைக்கலாம். கோலிப்ரி என்ற கட்டணமில்லா மென்பொருள் இதற்கென்றே உருவாக்கப்பட்டு, இணையம் எட்டாத பகுதிகளிலும் அகதி முகாம்களிலும் பயன்படுகிறது. முகாமில் தங்கியிருக்கும் குழந்தைகள் கையிலுள்ள எந்தப் போனிலிருந்தும் அதிலுள்ள பாடங்களைத் திறக்க முடியும். முகாம் நடக்கும் கட்டடத்திலேயே ஓர் அறையை முற்பகல் இரண்டு மணி நேரம் குழந்தைகளுக்கென ஒதுக்குவது, பாடத்தோடு அவர்களின் பாதுகாப்புக்கும் உதவும்.

மறந்துபோகும் மற்றொன்று காகிதம். எழுத்தாளர் சுஜாதா படித்த ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியைப் போல நூற்றாண்டைக் கடந்த பள்ளிகள் இந்தத் தீவிலும் நகரத்திலும் உண்டு. இத்தகைய பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் நனைந்தால் மீட்க வழியில்லை. மாணவர் தரப்பிலோ, 2015 சென்னை வெள்ளத்தில் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. சான்றிதழ்களை மின்வடிவில் காக்கும் மத்திய அரசின் டிஜிலாக்கர் அந்த ஆண்டு ஜூலையிலேயே வந்திருந்தும், வெள்ளம் வந்தபோது அதை அறிந்திருந்தவர்கள் மிகச் சிலரே. இன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் அதில் கிடைக்கின்றன. மாணவர் விவரங்களைத் தாங்கும் எமிஸ் தளமும் மாநிலம் முழுவதும் நடைமுறையில் உள்ளது. பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து ஊருக்கு வெளியே ஒரு பிரதி வைப்பது மட்டுமே மிச்சம்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று, புதிய கண்டுபிடிப்புக்குக் காத்திருப்பதும் அன்று. தாள், போன், வானொலி, சேமிப்புப் பாடம், நேரலை வகுப்பு என்று கீழிருந்து மேலாக அடுக்கப்பட்ட வரிசையில், மேலே உள்ளது அறுந்தால் கீழே உள்ளது தாங்க வேண்டும். தமிழகப் பள்ளிகளில் இன்று மேலடுக்குகளுக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் கீழடுக்குகளுக்குக் கிடைப்பதில்லை. ஸ்மார்ட் வகுப்பறைத் திரை வெள்ளம் வந்த அன்று முதலில் அணைந்துபோகும் கருவி என்பதை அதை வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இன்று ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. உத்தமர்சீலி முதல் கருமண்டபம் வரை ஆற்றோரம் அமைந்த பள்ளிகளின் குழுக்கள், ஜூலைக்கு முன் கூடும் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை மட்டும் நிறைவேற்றட்டும்: தெருவாரியாக எந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு, பத்து நாள் பயிற்சித் தாள் எங்கே ஆயத்தமாக இருக்கும், பதிவேடுகளின் பிரதி எங்கே இருக்கும். ஆண்டுக்கு ஒரு நாள், மழையே இல்லாத ஒரு நாளில், பள்ளியைப் பூட்டிவிட்டு இந்த ஏற்பாட்டை நடத்திப் பார்க்கட்டும். மாவட்டக் கல்வி அலுவலர்கள் அந்த நாளை வேலைநாளாகக் கணக்கிட ஆணை பிறப்பிக்க வேண்டும்.